கல்வி நிதி திரட்டிய சாம்சன் ஒக்கம்

ஒரு கல்விச் சங்கத்திற்காக நன்கொடைப் புத்தகத்தைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் செல்வதன் வருத்தம் இம்மலரைப் படிக்கும் உறுப்பினர்களுக்குத் தெரியும். அப்பணியைக் கடல் கடந்து சென்று செய்த ஒரு பெருமகனின் வரலாற்றை இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சாம்சன் ஒக்கம். வட அமெரிக்காவின் தொல்குடிகளுள் ஒன்றாகிய மோஹிகன் குடியில் 1723ஆம் ஆண்டு பிறந்தவர். செவ்விந்தியர் என்று ஒரே சொல்லில் நம் பழைய பாடநூல்கள் குறிப்பிட்ட மக்கள், உண்மையில் தனித்தனி மொழியும் நிலமும் ஆட்சிமுறையும் உடைய பல நாட்டினர் ஆவர். மோஹிகன்கள் கனெக்டிகட் பகுதியில் வாழ்ந்தனர். அவர்களுக்கு மேற்கே, இன்றைய நியூயார்க் மாநிலத்தில், ஹோடெனோஷோனி என்னும் ஆறு நாட்டுக் கூட்டமைப்பு இருந்தது. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்பன அவ்வாறு நாடுகள். ஒக்கத்தின் வாழ்வு இவ்விரு நிலங்களையும் தொட்டுச் சென்றது.

ஒக்கத்தின் பெற்றோர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள். பதினாறு, பதினேழு அகவையில் ஒக்கம் கிறித்தவச் சமயத்தைத் தழுவினார். வேதநூலைத் தாமே படிக்க வேண்டும் என்னும் வேட்கை அப்போது பிறந்தது. லெபனான் என்னும் ஊரில் எலியாசர் வீலாக் என்ற வெள்ளைப் போதகர் ஆங்கில இளைஞர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்குப் பயிற்சி அளித்து வந்தார். தம் மகனைச் சிறிது காலம் வைத்துக் கற்பிக்க இயலுமா என்று அவரிடம் சென்று கேட்டவர் ஒக்கத்தின் தாயார் சேரா. இரண்டு மூன்று வாரங்கள் தங்கலாம் என்று எண்ணி 1743ஆம் ஆண்டு அங்கே சென்ற ஒக்கம் நான்கு ஆண்டுகள் தங்கிவிட்டார். ஆங்கிலத்தோடு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளையும் கற்றார். இடையறாத படிப்பால் கண்கள் நலிந்தன. கல்லூரி செல்லும் எண்ணம் கைகூடவில்லை.

1749ஆம் ஆண்டு லாங் தீவில் வாழ்ந்த மாண்டாக் மக்களிடையே ஆசிரியராகச் சென்றார். ஏறத்தாழ முப்பது மாணவர். இங்கே அவர் கையாண்ட முறை ஒன்றை, ஆசிரியனாகிய நான் சற்று விரித்துரைக்காமல் செல்ல இயலவில்லை. சில குழந்தைகள் எழுத்துகளை வரிசையாக ஒப்பித்தனர். ஆனால் இடையில் ஓர் எழுத்தைக் காட்டினால் இன்னதென்று அறியாமல் விழித்தனர். முதல் வகுப்பு எடுத்த எவருக்கும் இது புதிதன்று. அரிச்சுவடியை இசையோடு பாடிவிட்டுக் கரும்பலகையைக் கண்டதும் மௌனமாகும் பிள்ளைகளை நானும் பலமுறை கண்டிருக்கிறேன். காதால் கற்ற எழுத்து கண்ணுக்கு எட்டவில்லை என்பதை ஒக்கம் உணர்ந்தார். தாள் துண்டுகளில் எழுத்துகளை எழுதி, சிறிய தேவதாருச் சில்லுகளில் ஒட்டி, ஒரு பலகை மேல் வரிசையாக வைத்தார். ஓர் எழுத்தைச் சுட்டி அதன் பெயரைச் சொல்லி, அதை எடுத்துவரக் குழந்தையை அனுப்புவார். பின்னர் அனைத்தையும் கலைத்துவிட்டு, மீண்டும் முறைப்படி அடுக்கச் செய்வார். பயிற்சிக் கல்லூரி எதுவும் காணாத ஒருவர் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்ட வழி இது.

1751இல் மாண்டாக் குலத்து மேரி ஃபௌலரை மணந்தார். பத்து மக்கள் பிறந்தனர். ஊதியமோ மிகக் குறைவு. தொடக்கத்தில் ஊதியமே இல்லை; பின்னர்ப் பாஸ்டன் நகரச் சமயக் குழுவினர் ஆண்டுக்கு 20 பவுன் அளவில் அளித்தனர். ஆகவே அவர் நிலத்தை உழுதார், மீன் பிடித்தார், மரக்கரண்டியும் மரவாளியும் செய்து விற்றார், துப்பாக்கிக்குக் கட்டை பொருத்தினார், புத்தகங்களுக்கு அட்டை கட்டினார். 1759இல் முறைப்படி போதகராக அருட்பொழிவு பெற்ற பின்னரும் நிலைமை மாறவில்லை. மற்றொரு பணித்தளத்திற்குச் சென்ற ஒரு வெள்ளை இளைஞருக்கு, மொழிபெயர்ப்பாளர் செலவும் சேர்த்து, ஓராண்டுக்கு வழங்கிய தொகை 180 பவுன். தமக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிடைத்த மொத்தமும் அதே 180 பவுன்தான் என்பதை ஒக்கம் கணக்கிட்டு எழுதி வைத்தார். தாம் ஏழை இந்தியர் என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்குத் தென்படவில்லை.

வீலாக், ஒக்கத்திடம் கண்ட வெற்றியால் ஊக்கம் பெற்று, பழங்குடிச் சிறுவர்க்கென ஓர் அறப்பள்ளியை 1754இல் தொடங்கியிருந்தார். 1761இல் ஒக்கம் ஒனைடா நாட்டிற்குச் சமயப் பணியாகச் சென்றார். உடன் சென்ற மைத்துனர் டேவிட் ஃபௌலர், மூன்று மோஹாக் இளைஞர்களை அப்பள்ளிக்கு அழைத்து வந்தார். அவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் புகழ்பெற்ற தலைவராக விளங்கிய ஜோசப் பிரான்ட். பள்ளி வளர வளரப் பொருள்முடை பெருகியது. இங்கிலாந்து சென்று நிதி திரட்ட ஒக்கமே ஏற்றவர் என்று முடிவாயிற்று. அவரது குடும்பத்தைத் தாம் பேணுவதாக வீலாக் வாக்களித்தார்.

1765 டிசம்பரில் நத்தானியேல் விட்டேக்கர் என்ற போதகரோடு கப்பலேறி, 1766 பிப்ரவரியில் இங்கிலாந்தை அடைந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர் ஊராகச் சென்றார். முந்நூறுக்கும் மேற்பட்ட சொற்பொழிவுகள் ஆற்றினார். அவரைக் காணவே கூட்டம் திரண்டது. நாடக மேடையில் அவரை நையாண்டி செய்தவர்களும் உண்டு. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 200 பவுன் அளித்தார். மொத்தம் சேர்ந்தது ஏறத்தாழ 12,000 பவுன். ஆண்டுக்கு 20 பவுன் பெற்ற ஆசிரியரின் அறுநூறு ஆண்டு ஊதியம் இது! பழங்குடிப் பிள்ளைகளின் கல்விக்கு என்று சொல்லியே இத்தொகை கேட்கப்பட்டது, அதற்கென்றே கொடுக்கவும்பட்டது.

1768இல் தாயகம் திரும்பிய ஒக்கம், மனைவி மக்கள் வறுமையில் வாடுவதைக் கண்டார். வாக்களித்தவர் வாக்கைக் காக்கவில்லை. ஒக்கம் புறப்படும் முன்னரே, அவர் மோஹிகனே அல்லர், பயணத்தின் பொருட்டே அவசரமாகக் கிறித்தவராக்கப்பட்டவர் என்றெல்லாம் பாஸ்டனில் அவதூறு கிளம்பியிருந்தது. இவற்றுக்கு விடையாக அவ்வாண்டு செப்டம்பரில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதினார். மேலே நான் சொன்ன தேவதாருச் சில்லுகளும் 180 பவுன் கணக்கும் அதில் உள்ளவையே. அக்கையெழுத்துப்படி 1982 வரை அச்சேறவில்லை.

அறப்பள்ளியிலோ பழங்குடிச் சிறுவர் தொகை குறைந்துகொண்டே வந்தது. படிப்பினும் வயல் வேலையே மிகுதி என்ற குறை எழுந்தது, பிரம்படியும் இருந்தது. 1769இல் ஒனைடா மக்கள் தம் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். வீலாக் இதைத் தம் முறையின் தவறாகக் கொள்ளவில்லை. அம்மக்களின் குறையாகவே கொண்டார். அவர் உள்ளம் வெள்ளை இளைஞர்களுக்கான கல்லூரியின்பால் திரும்பியது. 1769 டிசம்பர் 13ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர், மன்னர் பெயரால் ஒரு பட்டயம் வழங்கினார். இங்கிலாந்து அறங்காவலர் குழுவின் தலைவரான டார்ட்மத் பிரபுவின் பெயர் அக்கல்லூரிக்குச் சூட்டப்பட்டது. 1771இல் முதற்பட்டம் பெற்ற நால்வரும் வெள்ளையர். நிதியைத் திரட்டியவர் ஒருவர். கணக்கும் சாவியும் இருந்தது வேறொருவரிடம். அவ்வாண்டு ஜூலையில் ஒக்கம் தம் ஆசானுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் கற்ற இலத்தீனையே கருவியாக்கி, கல்வித்தாய் என்னும் சொல்லை வெள்ளைத்தாய் என்று பொருள்படத் திரித்துக் காட்டினார். அதன் பின் இருவருக்கும் இடையே இருந்த பழைய உறவு மீளவில்லை.

வேறு அடிகளும் விழுந்தன. மோஹிகன் நிலத்துக்காகக் கனெக்டிகட் அரசோடு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நடந்த வழக்கு, 1773இல் இலண்டனில் அம்மக்களுக்கு எதிராகத் தீர்ந்தது. அவ்வழக்கில் தம் மக்கள் பக்கம் நின்றதற்காக ஒக்கம் முன்பே சமயத் தலைவர்களின் சினத்துக்கு ஆளாகியிருந்தார். 1772இல், குடிவெறியில் கொலை செய்து தூக்குத் தண்டனை பெற்ற மோசஸ் பால் என்ற பழங்குடி இளைஞர் கேட்டுக்கொண்டபடி, தூக்கிலிடும் நாளில் ஒக்கம் சொற்பொழிவாற்றினார். மதுவின் கேட்டை எடுத்துரைத்த அவ்வுரை நூலாகிப் பல பதிப்புகள் கண்டது.

பிறர் கையில் பள்ளியை ஒப்படைத்த பட்டறிவுதான் அடுத்த முயற்சிக்கு வித்தாயிற்று என்பது என் கருத்து. மோஹிகன், மாண்டாக், நாரகான்செட் முதலிய ஏழு குடியிருப்பு மக்களைத் திரட்டி, அவர்களே ஆளும் ஓர் ஊரை உருவாக்க ஒக்கமும் அவருடைய மருமகன் ஜோசப் ஜான்சனும் முனைந்தனர். 1774 அக்டோபரில் ஒனைடா மக்கள் தம் நிலத்தில் ஒரு பகுதியை இவர்களுக்கு அளித்தனர். கறுப்பின மக்களோடு கலந்து பிறந்தோர்க்கு அந்நிலத்தில் உரிமை இல்லை என்று அந்த ஆவணத்தில் ஒரு விதி இடம்பெற்றது. ஒடுக்கப்பட்டோர் எழுதிக்கொண்ட ஆவணத்திலும் இத்தகைய வரி நுழைந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது.

உடனே அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. இது வெள்ளையர் தமக்குள் செய்யும் போர், நாம் தலையிடலாகாது என்று ஒக்கம் பழங்குடி மக்களுக்கு எழுதினார். ஆயினும் ஹோடெனோஷோனிக் கூட்டமைப்பே பிளவுபட்டது. ஒனைடாவும் டஸ்கரோராவும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம் நின்றன. ஏனைய நாடுகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தன. 1779இல் அமெரிக்கப் படை புகுந்து அவர்களுடைய ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தது.

போர் ஓய்ந்தபின், 1785 நவம்பரில் மக்கள் கூடி ஐந்து பேரைத் தம் குழுவினராகத் தேர்ந்தெடுத்தனர். சகோதரர் ஊர் என்னும் பொருள்படும் பிரதர்டவுன் இவ்வாறு நிலைபெற்றது. 1789இல் ஒக்கம் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். நிலத்தை வெள்ளையர்க்குக் குத்தகைக்கு விடலாகாது என்று இறுதிவரை போராடினார். 1792 ஜூலை 14ஆம் நாள், அருகிலுள்ள நியூ ஸ்டாக்பிரிட்ஜில் காலமானார். பிரதர்டவுன் மக்கள் 1830களில் அந்நிலத்தையும் விட்டு விஸ்கான்சினுக்குப் பெயர நேர்ந்தது.

டார்ட்மத் கல்லூரியில் முதல் இருநூறு ஆண்டுகளில் பட்டம் பெற்ற பழங்குடியினர் 19 பேரே. 1970இல் அப்போதைய தலைவர் ஜான் கெமெனி, பட்டயம் சொன்ன முதல் நோக்கத்தை நிறைவேற்ற உறுதி பூண்டார். அதன் பின் அத்தொகை பல மடங்கு பெருகியது. ஒக்கத்தின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அக்கல்லூரி நூலகத்திலேயே நெடுங்காலம் இருந்தன. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் கல்லூரித் தலைவரே கனெக்டிகட் சென்று, அவற்றை மோஹிகன் மக்களிடம் ஒப்படைத்தார்.