மௌனமாய் அமர்ந்திருந்த மறைவல்லுநர்

வானதூதருக்கு ஒப்பான மறைவல்லுநர் என்று திருச்சபை போற்றும் புனித தாமஸ் அக்குவினாஸ், ஒரு காலத்தில் உடன் பயின்றவர்களால் மந்தபுத்திக்காரர் என்று எள்ளி நகையாடப்பட்டவர் என்றால் நம்புவீர்களா?

இத்தாலியின் ரொக்கசெக்கா கோட்டையில், பிரபு குடும்பத்தில் 1225-ஆம் ஆண்டளவில் பிறந்தார் தாமஸ். செல்வத்தையும் பதவியையும் துறந்து, 1244-இல் புனித சாமிநாதர் சபையில் சேர்ந்தார். இதை விரும்பாத சகோதரர்கள் அவரை வழிமறித்துப் பிடித்து, ஓராண்டளவு அடைத்து வைத்தனர். அவர் மனம் தளரவில்லை.

1248-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் புனித பெரிய ஆல்பர்ட்டிடம் பாடம் கேட்டார். பருத்த உடல், அதிகம் பேசாத சுபாவம். எனவே சக மாணவர்கள் அவருக்கு ஊமை எருது என்று பட்டப்பெயர் சூட்டினர். ஒரு மாணவர் மட்டும் இரக்கங்கொண்டு, அன்றைய பாடத்தைத் தனியே விளக்கிச் சொல்ல முன்வந்தார். தாமஸ் நன்றியோடு அமர்ந்து கேட்டார். தமக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. பாதியில் அம்மாணவரே தடுமாறி நின்றபோதுதான், அப்பகுதியை வெகு தெளிவாக எடுத்துரைத்தார். வியந்துபோன மாணவர், இனித் தமக்குக் கற்பிக்குமாறு அவரை வேண்டினார். எவரிடமும் சொல்லலாகாது என்ற நிபந்தனையோடு தாமஸ் இசைந்தார்.

எனினும் செய்தி வெளிவந்தது. ஆல்பர்ட் அவரைச் சொல்லரங்கில் சோதித்தார். விடைகளைக் கேட்டபின், இந்த எருதின் குரல் ஒருநாள் உலகெங்கும் ஒலிக்கும் என்று அவர் முன்னுரைத்ததாகச் சொல்வர். அவ்வாறே ஆயிற்று. 1256-இல் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் இறையியல் பேராசிரியரானார். அங்கும் பணிவு மாறவில்லை. தம் பெருநூலான இறையியல் தொகுப்பில், எதிர்த்தரப்பின் வாதங்களை முதலில் நேர்மையாக எடுத்துவைத்த பின்னரே தம் விடையைத் தருகிறார்.

1274 மார்ச் 7-இல், லியோன் பொதுச்சங்கத்துக்குச் செல்லும் வழியில், ஃபொஸ்ஸனோவா மடத்தில் இறைவனடி சேர்ந்தார். 1323-இல் புனிதராகவும், 1567-இல் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். 1880-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அவரைக் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களின் பாதுகாவலராக்கினார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, நம் விவிலிய வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு தாய் தடுமாறும்போது, பின்வரிசையில் எழும் சிரிப்பு அவரை மறுவாரம் வரவிடாமல் செய்துவிடும். மறைக்கல்வியில் விடை தெரியாமல் நிற்கும் சிறுவனும் அப்படியே. அருகில் அமர்ந்து, வரியைச் சுட்டிக்காட்டும் ஒரு விரல் போதும், அவர்கள் தொடர்ந்து வருவார்கள். கொலோன் நகரில் இரக்கங்கொண்ட அந்த மாணவரைப் போன்றோர், நம் பங்கிலும் பெருகுவார்களாக!