முதல் ஆண்டில் 18, எட்டாம் ஆண்டில் 74!
டான் ஹட்ஸன் படிப்படியாக வளர்ந்த கதை

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. அங்கே பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூராக நீண்டிருக்கும். காலைவிடக் கைக்கே வேலை அதிகம். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரிகளை இடித்துத் தள்ளி முன்னேறுவது ஒரு வழி. தொலைவில் ஓடும் தோழனை நோக்கி எறிய, அவன் பிடித்துக்கொண்டு ஓடுவது மற்றொரு வழி. பந்தோடு எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் அதற்கு 'டச் டவுன்' என்று பெயர். 6 புள்ளிகள் கிடைக்கும்.

எறியும் பந்தைப் பிடிப்பதற்கென்றே ஓரத்தில் நிற்கும் வீரரை இன்று 'வைட் ரிசீவர்' என்கிறார்கள். கல்லூரியில் சூரப்புலியாக விளங்கியவர்கள்கூட, சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிக்கு வந்ததும் திணறுவது உண்டு. புதுமுகம் தேற எத்தனை ஆண்டு ஆகும்? அமெரிக்க ரசிகர்கள் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி இது. இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்த முதல் பெரிய வாழ்க்கை டான் ஹட்ஸனுடையது.

பாம்போடு பழகிய பையன்

ஹட்ஸன் 1913-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ஆர்கன்ஸா மாநிலத்தில் உள்ள பைன் பிளஃப் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதில் சாரணராக இருந்தார். விஷப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு!

அலபாமா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தபோது கால்பந்து மட்டுமின்றி பேஸ்பாலும் ஆடினார். ஓட்டப் பந்தயத்திலும் ஓடினார். இரண்டும் ஒரே நாளில் வந்தால், ஓட்டக்காரர் உடைக்கு மேல் பேஸ்பால் உடையை மாட்டிக்கொண்டு போவார். 100 கெஜ தூரத்தை 10 விநாடிக்குள் ஓடிவிடும் கால்கள் அவருக்கு.

1935-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று 'ரோஸ் பௌல்' என்ற புகழ் பெற்ற போட்டி நடந்தது. அலபாமா அணி, ஸ்டான்போர்டு அணியை 29-13 என்ற கணக்கில் வீழ்த்தியது. ஹட்ஸன் 6 பந்துகளைப் பிடித்து 165 கெஜம் ஓடினார். இரண்டு டச் டவுன்கள்! ஒரே நாளில் நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது.

இரண்டு ஒப்பந்தம்

புரூக்ளின் அணியும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் அவரை விரும்பி அழைத்தன. ஹட்ஸன் இரண்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். இரண்டும் லீக் தலைவர் ஜோ காரிடம் போய்ச் சேர்ந்தன. எந்தத் தபால் முந்தியதோ அதுவே செல்லும் என்று அவர் தீர்ப்பளித்தார். கிரீன் பே தபால் 17 நிமிஷம் முந்திவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

அந்த 17 நிமிஷம் ஹட்ஸனின் தலைவிதியையே மாற்றியது. அக்காலத்தில் பெரும்பாலான அணிகள் இடித்து முன்னேறுவதையே நம்பியிருந்தன. கிரீன் பே பயிற்சியாளர் கர்லி லாம்போவோ பந்தை எறிவதில் நம்பிக்கை வைத்தவர். அவரிடம் ஆர்னி ஹெர்பர் என்ற எறிவீரரும் இருந்தார். நெடுந்தூரம் எறிவதில் ஹெர்பர் மன்னர். காலமும் ஒத்து வந்தது. 1933-ல் எறியும் விதி தளர்த்தப்பட்டது. 1934-ல் பந்தின் பருமன் குறைக்கப்பட்டது. கையில் அடக்கி எறிவது எளிதாயிற்று.

ஆட்டத்துக்கு 300 டாலர் சம்பளம். அந்த நாளில் பெரிய தொகை. மற்ற வீரர்களுக்குத் தெரியாமல் இருக்க, இரண்டு பாங்குகளின் செக்குகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

ஒல்லிப்பிச்சான் தாங்குவாரா?

ஹட்ஸனின் உயரம் 6 அடி 1 அங்குலம். எடை சுமார் 180 ராத்தல்தான். அப்போது பந்தைப் பிடிப்பவரே எதிரியைத் தடுக்கும் வேலையையும் செய்ய வேண்டும். மலை போன்ற ஆட்களின் மோதலை இந்த ஒல்லி உடம்பு தாங்குமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. 1935 செப்டம்பரில் முதல் ஆட்டத்தில் கிரீன் பே தோற்றது. ஹட்ஸனின் பெயர் பேசப்படவில்லை.

செப்டம்பர் 22-ந் தேதி சிகாகோ பேர்ஸ் அணியுடன் மோதல். கிரீன் பேயின் முதல் எறிதலுக்கு எல்லோரும் எதிர்பார்த்தது ஜானி பிளட் என்ற பழைய வீரரைத்தான். எதிரிகளின் கவனமும் அவர் மீதே இருந்தது. ஹெர்பர் எறிந்ததோ மறுபக்கம் ஓடிய ஹட்ஸனுக்கு! பிடித்தார், பறந்தார். 83 கெஜம், டச் டவுன். அந்த ஒரே டச் டவுனில் ஆட்டம் 7-0 என்று முடிந்தது.

அக்டோபர் 27-ல் அதே பேர்ஸ் அணியுடன் சிகாகோவில் மறு ஆட்டம். 14-3 என்று பின்தங்கிய கிரீன் பேக்கு மிஞ்சியிருந்தவை சில நிமிஷங்களே. ஹட்ஸன் அடுத்தடுத்து இரண்டு டச் டவுன் எடுத்து 17-14 என்று வெற்றி தேடித் தந்தார்.

அவசரப்படாத வளர்ச்சி

ஆனால் அந்த ஆண்டுக் கணக்கை முழுவதும் கூட்டிப் பார்த்தால் 18 பந்து, 420 கெஜம், 6 டச் டவுன். மின்னல் அடித்தது உண்மை. மழை இன்னும் கொட்டவில்லை.

வேகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு முறை ஏமாற்றலாம். இரண்டாம் முறை எதிரி விழித்துக் கொள்வான். இதை ஹட்ஸன் சீக்கிரமே புரிந்துகொண்டார். எத்தனை அடி ஓடி எங்கே திரும்புவது, எந்தப் பக்கம் போவதாகப் பாவனை காட்டுவது, எந்த நொடியில் வேகத்தைக் கூட்டுவது என்று எல்லாவற்றையும் வகைப்படுத்திப் பழகினார். இன்று ஒவ்வொரு ரிசீவரும் படிக்கும் பாதைப் பாடத்துக்கு அவரே பிள்ளையார் சுழி போட்டவர். இன்னும் ஒன்று: பிடிப்பவன் திரும்பும் இடம் எறிபவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அந்த ஒற்றுமை ஒரு நாளில் வராது. ஆண்டுக்கணக்கில் கூடிப் பழகினால்தான் வரும்.

பலன் கிடைத்தது. 1936-ல் 34 பந்து, லீகில் முதலிடம். அந்த ஆண்டு கிரீன் பே சாம்பியன் ஆயிற்று. 1937-ல் 41. 1938-ல் சிசில் இஸ்பெல் என்ற இளம் எறிவீரர் வந்து சேர்ந்தார். புது ஜோடி, அடுத்த இரண்டு ஆண்டும் எண்ணிக்கை 32, 34 என்று இறங்கியது. ஹட்ஸன் தளரவில்லை. 1940-ல் 45, 1941-ல் 58 என்று ஏறி, 1942-ல் சிகரம் தொட்டார். 74 பந்து, 1,211 கெஜம், 17 டச் டவுன்! ஒரே ஆண்டில் 1,000 கெஜத்தைத் தாண்டிய முதல் ரிசீவர் அவரே. 1941, 1942 இரண்டு ஆண்டும் லீகின் தலைசிறந்த வீரர் விருது அவரைத் தேடி வந்தது.

யுத்த காலத்தில் நல்ல வீரர்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்தச் சாதனை என்று குறை சொன்னவர்கள் உண்டு. கடைசி ஆண்டுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது 1941 டிசம்பரில். 1936, 1937, 1939, 1941 ஆகிய நான்கு ஆண்டுகளில் அதற்கு முன்பே அவர் முதலிடம் பெற்றுவிட்டார். இஸ்பெல் 1942-க்குப் பின் விலகிய போதும், வேறு கைகள் எறிந்த பந்துகளைப் பிடித்து மூன்று ஆண்டும் முதலிடத்திலேயே இருந்தார்.

தூண்டிலில் இரை

எதிரிகள் இரண்டு பேர், மூன்று பேர் என்று அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அதையும் லாபமாக்கினார். 1944 இறுதி ஆட்டத்தில் நியூ யார்க் ஜயண்ட்ஸ் வீரர்கள் ஹட்ஸனைத் துரத்திக்கொண்டு ஓட, ஆளில்லாத இடத்தில் நின்ற டெட் ஃபிரிட்ச் பந்தைப் பிடித்து டச் டவுன் எடுத்தார். 14-7 என்று கிரீன் பேக்கு மகுடம். அன்று பிளட் தமக்குச் செய்த உதவியை, 9 ஆண்டு கழித்து ஹட்ஸன் இன்னொருவருக்குச் செய்தார்.

1945 அக்டோபர் 7-ந் தேதி டெட்ராய்ட் அணிக்கு எதிராக, ஆட்டத்தின் ஒரே கால் பகுதியில் 4 டச் டவுனும் 5 உதை புள்ளியுமாக 29 புள்ளிகள் குவித்தார். அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார். 11 ஆண்டில் 488 பந்து, 7,991 கெஜம், 99 டச் டவுன். அவருக்கு அடுத்தவர் அதுவரை பிடித்தவை 190 மட்டுமே! டச் டவுன் சாதனையை முறியடிக்க 1989-ல் ஸ்டீவ் லார்ஜென்ட் வர வேண்டியிருந்தது.

பிறகு மோட்டார் வியாபாரத்தில் ஈடுபட்டார். 1951-ல் அவர் அணிந்த 14-ம் எண்ணை இனி யாரும் அணியலாகாது என்று கிரீன் பே ஒதுக்கி வைத்தது. 1963-ல் கால்பந்துப் புகழ் மண்டபம் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1997 ஜூன் 26-ந் தேதி கலிபோர்னியாவில் 84-வது வயதில் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர்களில் முதல் ஆண்டிலேயே கொடி நாட்டியவர்கள் உண்டு. 2023-ல் பூகா நகுவா என்ற புதுமுகம் 105 பந்து பிடித்து 1,486 கெஜம் எடுத்தார். ஆனால் மன்னர்களில் மன்னர் எனப் போற்றப்படும் ஜெர்ரி ரைஸ் 1985-ல் முதல் ஆண்டில் பந்துகளை நழுவவிட்டு, 3 டச் டவுன்தான் எடுத்தார். மறு ஆண்டு 15!

முளைத்த ஆண்டே காய்க்கும் செடியும் உண்டு. வேர் விட்டு, கிளை விட்டுக் காய்க்கும் மரமும் உண்டு. ஹட்ஸன் இரண்டாம் வகை. முதல் வேகத்தைத் தந்தது பிறவி. அதைத் திறமையாக்கியது எட்டு ஆண்டு உழைப்பு.