கடல்பசுவைப் பார்த்த ஸ்டெல்லர்

நம்ம பாக் நீரிணையில் மேயுற ஆவுளியாவுக்கு 8 மீட்டர் நீளத்தில் ஒரு சொந்தக்காரப் பசு இருந்தது. அதைப் பற்றி எழுதிவைத்தவர்தான் ஜார்ஜ் ஸ்டெல்லர்.

1709-ல் ஜெர்மனியில் பிறந்தார். 1741-ல் ரஷ்யாவிலிருந்து பெரிங் என்ற தலைவரின் கப்பலில் அலாஸ்கா போனார். அவ்வளவு தூரம் போயும் ஒரு தீவில் இறங்கிப் பார்க்கச் சுமார் 10 மணி நேரம்தான் விட்டார்களாம். எனக்கே கோபம் வந்தது!

திரும்பும்போது ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். கப்பல் உடைந்தது, பெரிங்கும் பலரும் இறந்தார்கள். அங்கேதான் அந்தக் கடல்பசு. பல்லே கிடையாது. கடற்பாசி தின்னும். ஆளைக் கண்டால் ஓடாத சாது. அதன் கறியைத் தின்றுதான் மிச்சப்பேர் பிழைத்தார்கள். ஸ்டெல்லர் மட்டும் அதை அளந்து அளந்து எழுதினார்.

1742-ல் உடைந்த பலகையில் படகு கட்டித் திரும்பினாங்க. கொண்டுவந்த கடல்நீர்நாய்த் தோலுக்கு நல்ல விலை. உடனே வேட்டைக்காரர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் கிளம்பினார்கள். வழியில் அவங்களுக்குச் சாப்பாடு கடல்பசுதான். நீர்நாய் குறைந்தால் கடல் முள்ளெலி பெருகிப் பாசியையும் தின்றுவிடும். 1768-க்குள் பசு ஒன்றுகூட இல்லை. வெறும் 27 வருஷம்!

ஸ்டெல்லர் 1746-லேயே 37 வயசில் சைபீரியாவில் இறந்துட்டார். அவர் எழுதியது 1751-ல்தான் அச்சானது. அந்தப் பசுவை உயிரோட பார்த்த ஒரே விஞ்ஞானி அவர்தான்.