காலக்கருவியின் கலைஞர் பிரெகே

நுழையும்முன்

ஒரு நாள் என்பது 86,400 நொடிகள். ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே தவறும் கடிகாரம்கூட ஒரே நாளில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிழைபட்டுவிடும். மின்கலமோ மின்னணுச் சில்லோ இல்லாத காலத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியின் பிழையைக் குறைக்கவே தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் ஒருவர். இன்று பெருவிலை பெறும் இயந்திரக் கைக்கடிகாரங்களின் நுட்பங்கள் பலவும் அவர் பட்டறையில் உருப்பெற்றவை. அவரே ஆபிரகாம் லூயி பிரெகே.

இளமையும் பயிற்சியும்

பிரெகே 1747ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள நெஷாடெல் நகரில் பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். அவருடைய தாய் மறுமணம் செய்துகொண்ட குடும்பம் கடிகாரத் தொழிலில் ஈடுபட்டிருந்தது. அவ்வழியே சிறுவனுக்கும் அத்தொழில் அறிமுகமாயிற்று. பதினைந்தாம் வயதில் பிரான்சுக்குச் சென்று, வெர்சாய் நகரில் தொழில் பழகினார்.

பகலில் அரத்தையும் இடுக்கியையும் கையாண்ட இளைஞர், மாலை வேளைகளில் பாரிசில் உள்ள மாசரின் கல்லூரியில் கணிதம் பயின்றார். கைத்தொழில் செய்வோர் கணக்கியல் கற்பது அன்று அரிது. கையின் பழக்கமும் அறிவின் ஆராய்ச்சியும் ஒருவரிடத்தே கூடியதுதான் அவருடைய பிற்காலச் சாதனைகளுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது. 1775இல் பாரிசில், சேன் ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் தம் பட்டறையைத் தொடங்கினார்.

கடிகாரத்தின் உள்ளே

பிரெகேயின் பணியை உணர, இயந்திரக் கடிகாரம் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். சாவி கொடுக்கும்போது ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது தளர முயலும் விசையே கடிகாரத்தின் ஆற்றல். அவ்விசை பற்சக்கரங்களின் வழியே முட்களை நகர்த்துகிறது. தடை ஏதும் இல்லையெனில் சுருள் சில கணங்களிலேயே முழுதும் அவிழ்ந்துவிடும். ஆகவே, வரிசையின் இறுதியில் ஒரு தடுப்பமைப்பு பல்லுக்குப் பல் நிறுத்தி நிறுத்தி விசையை விடுவிக்கிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஒலி அந்தத் தடுப்பின் ஒலியே.

எப்போது விடுவிப்பது என்பதை முடிவு செய்வது, மயிரிழை போன்ற மெல்லிய சுருளோடு இணைந்து இருபுறமும் அலையும் சமன்சக்கரம். இச்சக்கரத்தின் அலைவு சீராக இருந்தால் காலமும் சீராக இருக்கும். எண்ணெய் உலர்வது, வெப்பத்தால் உலோகம் விரிவது, கீழே விழுவது, புவியீர்ப்பு ஆகிய அனைத்தும் இவ்வலைவைக் குலைக்கும் பகைகள். பிரெகே இப்பகைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

பட்டறையில் பிறந்த புதுமைகள்

அணிபவர் நடக்கும்போது ஏற்படும் அசைவால் தானே முறுக்கேறும் கடிகாரத்தை உருவாக்க முன்னரே முயற்சிகள் நடந்திருந்தன. பிரெகே அதனை நம்பத்தக்க கருவியாக்கி, 1780 முதல் விற்பனைக்கு அளித்தார். இருளில் நேரத்தை ஒலியால் அறிவிக்கும் கடிகாரங்களில் அதுவரை சிறு மணி ஒன்று இடம்பெற்றிருந்தது. 1783இல் அம்மணிக்கு மாற்றாக, எஃகுக் கம்பியை அமைத்தார். கடிகாரம் மெலிந்தது, ஓசையும் இனிமையுற்றது.

சமன்சக்கரத்தின் அச்சுமுனை மிக நுண்ணியது. கடிகாரம் தவறி விழுந்தால் முதலில் ஒடிவது அதுவே. அம்முனையைத் தாங்கும் கல்லை வளைந்து கொடுக்கும் தகட்டின்மேல் பொருத்தி, அதிர்ச்சியைத் தாங்கச் செய்தார். மயிரிழைச் சுருளின் வெளிச்சுற்றை உயர்த்தி உள்நோக்கி வளைத்து, அது எல்லாத் திசையிலும் ஒரே சீராக விரியுமாறும் அமைத்தார். நுனியருகே துளையிட்ட வட்டத்தோடு கூடிய மெல்லிய முட்களும் நுண்கோடுகள் பொறித்த முகப்பும் அவருடைய கடிகாரங்களுக்குத் தனி அழகு தந்தன. அவ்வழகும் பயன் கருதியதே. ஒளி சிதறாத முகப்பில் மெல்லிய முள் காட்டும் நேரம் தெளிவாகத் தெரிந்தது.

புரட்சியின் புயல்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரச குடும்பத்தினர் பிரெகேயின் வாடிக்கையாளர்கள். புரட்சித் தலைவர்களுள் ஒருவரான மாரா அவருடைய நண்பர். இருதரப்பு உறவும் இருந்த நிலையில், பாரிசில் உயிருக்கு உறுதியில்லை. 1793இல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து சென்றார். வருவாய் சுருங்கிய அந்நாள்களிலும் அவர் சிந்தனை ஓயவில்லை. 1795இல் பாரிஸ் திரும்பி, சீர்குலைந்திருந்த தொழிலை மீண்டும் கட்டியெழுப்பினார்.

செல்வர் அல்லாதோரும் வாங்கத்தக்க எளிய கடிகாரம் ஒன்றை அப்போது அறிமுகப்படுத்தினார். அதற்கு ஒற்றை முள் மட்டுமே. விலையில் கால் பங்கை முன்பணமாகச் செலுத்திப் பதிவுசெய்யலாம். புகழ் பரவியதும் போலிகள் பெருகின. அவற்றைக் கண்டறிய, எளிதில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கையொப்பத்தை முகப்பில் பொறித்தார்.

சுழலும் கூண்டு

அக்காலக் கடிகாரங்கள் சட்டைப்பையில் நாளெல்லாம் நிமிர்ந்த நிலையிலேயே இருந்தன. சமன்சக்கரத்தின் ஒரு பக்கம் இம்மியளவு கனமாக இருந்தாலும், புவியீர்ப்பு அதனை இழுத்து அலைவைக் கெடுக்கும். ஒரு நிலையில் கடிகாரம் விரைந்தோடும். தலைகீழ் நிலையில் பின்தங்கும். எவ்வளவு திறமையாக இழைத்தாலும் முற்றிலும் சமமான சக்கரத்தைச் செய்தல் மனிதக் கையால் இயலாது.

பிரெகே அந்த இயலாமையை ஒப்புக்கொண்டார். அங்கிருந்தே விடையும் கண்டார். சமன்சக்கரம், மயிரிழைச் சுருள், தடுப்பமைப்பு ஆகிய மூன்றையும் சிறு கூண்டினுள் வைத்து, அக்கூண்டையே சுழலச் செய்தார். கூண்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் கனமான பக்கம் எல்லாத் திசைகளையும் கடந்துவிடும். விரைந்தோடியதும் பின்தங்கியதும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். பிழை அழியவில்லை, சமன்பட்டது. 1801ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் 'டூர்பியோன்' எனும் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

லண்டனின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜான் ஆர்னால்டு பிரெகேயின் நண்பர். ஆர்னால்டு மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின், 1808இல், அவர் செய்த கடிகாரம் ஒன்றில் தம் சுழலும் கூண்டைப் பொருத்தி, நினைவுப் பொருளாக அவருடைய மகனுக்கு வழங்கினார். இரு வல்லுநர்களின் உழைப்பு ஒரே கடிகாரத்தில் இணைந்தது.

தெரிந்து தெளிவோம்

டூர்பியோன் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுழல்காற்று என்று பொருள். கைக்கடிகாரம் அணிபவரின் கையசைவால் பல திசைகளிலும் திரும்புவதால், அதற்கு இவ்வமைப்பின் தேவை குறைவு. ஆயினும், செய்வோரின் கைத்திறனுக்குச் சான்றாக இன்றும் உயர்விலைக் கைக்கடிகாரங்களில் இடம்பெறுகிறது.

மணிக்கட்டில் ஒரு கடிகாரம்

1810இல் நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா, மணிக்கட்டில் அணியத்தக்க கடிகாரம் ஒன்றைச் செய்துதருமாறு கேட்டார். பிரெகே நீள்வட்ட வடிவில் மெல்லிய கடிகாரம் ஒன்றை வடிவமைத்தார். பொன்னிழையோடு பின்னிய கூந்தலே அதன் பட்டை. 1812இல் நிறைவுற்ற அக்கடிகாரம், மணிக்கட்டில் அணிவதற்கெனவே செய்யப்பட்டவற்றுள் மிகப் பழையனவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

காத்திருந்த கடிகாரம்

1783இல் பிரெகேயிடம் வியப்பூட்டும் பணி ஒன்று வந்தது. அரசி மரி அந்துவானெத்துக்காக, அன்று அறியப்பட்ட நுட்பங்கள் அனைத்தும் அடங்கிய கடிகாரம் வேண்டும். செலவுக்கும் காலத்துக்கும் வரம்பில்லை. வேலை தொடங்கியது. புரட்சி வந்தது. 1793இல் அரசி கொலைத்தண்டனைக்கு உள்ளானார். பெறுபவரே இல்லாமற்போன பின்னும் பிரெகே அப்பணியைக் கைவிடவில்லை.

1816இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1823ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் பிரெகே மறைந்தார். அப்போதும் அக்கடிகாரம் முடிவுபெறவில்லை. 1827இல், அவருடைய மகன் அந்துவான் லூயியின் பொறுப்பில் அப்பட்டறை அதனை நிறைவுசெய்தது. கேட்டவருக்கு 44 ஆண்டுகள் கழித்து உருப்பெற்ற அக்கடிகாரம் இன்று எருசலேம் நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது. அதன் உள்ளே, வெளியார் கண்படாத சிறு திருகுகள்கூட முகப்புக்கு நிகரான கவனத்தோடு மெருகேற்றப்பட்டுள்ளன.