கடாரம் கடந்த சுவடிகள்: சீனத் துறவி இத்சிங் வரலாறு

கடாரம் என்றதும் 1025-ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழன் நடத்திய படையெடுப்பே நம் நினைவுக்கு வரும். அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, படையின்றிப் பரிவாரமின்றி, ஏடுகளை நாடிச் சென்ற சீனத் துறவி ஒருவர் அத்துறையில் வந்து தங்கினார். அவரே இத்சிங்.

635-ஆம் ஆண்டில் பிறந்த இவர், இளமையிலேயே பௌத்த மடத்தைச் சேர்ந்தார். தமக்கு முன் பாரதம் சென்று மீண்ட பாகியான், யுவான் சுவாங் ஆகியோரின் அடிச்சுவட்டைப் பின்பற்ற விழைந்து, 671-இல் காண்டன் துறைமுகத்தில் பாரசீகக் கப்பலொன்றில் ஏறினார். இருபது நாளில் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்து, ஆறு திங்கள் வடமொழி இலக்கணம் கற்றார். உடன் வந்த சீடர் நோயுற்றுத் திரும்பிவிடவே, தனியராய்க் கடாரம் வழியாக வங்கக் கடலைக் கடந்து 673-இல் தாம்ரலிப்தியில் கரையேறினார். நாலந்தா செல்லும் வழியில் நோயினால் பின்தங்கிய வேளை, கள்வர் அவருடைய ஆடைகளையும் பறித்தனர். நிறம் வெளுத்தவரைப் பலியிடுவர் என்று கேள்வியுற்றிருந்த அவர், உடலெங்கும் சேற்றைப் பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு தப்பினாராம்!

நாலந்தாவில் பத்தாண்டுகள் பயின்றார். காகிதத்தில் தூரிகையால் எழுதியதையே நூலெனக் கொள்ளும் நாட்டிலிருந்து வந்தவருக்கு இங்கே பெருவியப்பு காத்திருந்தது. அந்தணர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பாக்களைக் கொண்ட நால்வேதத்தை ஏட்டிலோ தாளிலோ எழுதாமல் வாய்வழியாகவே வழங்கி வந்ததையும், அதனை முழுதும் ஓதவல்லார் தலைமுறைதோறும் தோன்றுவதையும் குறித்து வைத்துள்ளார். எழுதாக்கிளவி என்று நம் முன்னோர் வேதத்தைச் சொன்னதன் பொருள் இதுவே. சொற்களைத் தனித்தனியே பிரித்தும், இணைத்தும், முன்பின்னாக மாற்றியும் ஓதும் பதம், கிரமம், சடை, கனம் என்னும் முறைகளில் ஓர் ஒலி பிறழினும் உடனே தெரிந்துவிடும். ஓலைக்கு அத்தகைய காவல் கிடையாது. கரையானும் ஈரமும் அழிக்குமுன் மறுபடி எழுதியாக வேண்டும்.

ஆறு வயதில் எழுத்தறிமுகம், எட்டு வயதில் பாணினி சூத்திரம் எனச் சிறார் கற்ற முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. செவிவழி கேட்டு எழுதியவற்றில் பிழையும் உண்டு. பர்த்ருஹரி நாற்பதாண்டுகளுக்கு முன் மறைந்ததாக அவர் எழுதினார். அவ்வறிஞரோ ஐந்தாம் நூற்றாண்டினர் என்பதே இன்றைய ஆய்வாளர் முடிபு.

685-இல் ஐந்து இலட்சம் சுலோகங்களுக்கு மேற்பட்ட சுவடிகளுடன் புறப்பட்டார். வழியில் மீண்டும் கள்வர். உயிரும் ஏடும் தப்பின. கடாரம் வழியாக ஸ்ரீவிஜயம் அடைந்து மொழிபெயர்க்கத் தொடங்கியபோது, காகிதமும் மையும் படியெடுப்போரும் போதவில்லை. அவற்றை வேண்டிக் காண்டனுக்கு மடல் அனுப்ப 689-இல் கப்பலுக்குச் சென்றார். அந்நேரம் பார்த்துக் காற்று வாய்ப்பாக வீசவே, கப்பல் பாய்விரித்துக் கிளம்பிவிட்டது. இறங்க வழியில்லை. பதினெட்டு ஆண்டு அலைந்து திரட்டிய செல்வம் கரையில்; அவரோ கடலில்! சீனம் சென்றடைந்தும் தாயகத்தில் தங்க அவர் மனம் ஒப்பவில்லை. நான்கு துணைவரைத் திரட்டிக்கொண்டு அவ்வாண்டிலேயே சுவடிகளிடம் திரும்பினார். இவ்வரலாற்றில் உள்ளத்தை மிக உருக்குவது இச்செயலே.

692-இல் தம் பயணக் குறிப்பை முன்னதாக அனுப்பிவைத்து, 695-இல் லோயாங் நகரை அடைந்தார். பேரரசி வூ நகர்வாயிலுக்கு வெளியே வந்து எதிர்கொண்டார். 713-இல் மறையும்வரை 56 நூல்களை 230 சுருள்களில் சீனமாக்கினார். நாலந்தாவின் ஏடுகள் அழிந்தபின், பாரதத்தில் மூலம் கிட்டாத பௌத்த நூல்கள் பல சீன மொழியிலேயே எஞ்சின. அவருடைய பயணக் குறிப்பை ஜப்பானிய அறிஞர் தக்காகுசு 1896-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.