மண்டியிட வைத்தார்கள் கலிலியோவை!

பெரம்பலூர் வட்டாரத்துக் கிணறுகளை நாம் எட்டிப் பார்த்திருக்கிறோம். வானம் பார்த்த பூமி அது. மண்ணைத் தோண்டி, பாறையில் வெடி வைத்து, கூடை கூடையாகக் கல்லை மேலேற்றி, உழைப்பாளி தன் எலும்பைத் தேய்த்துக் கண்ட தண்ணீர் அந்தக் கிணறுகளின் அடியில் கிடக்கிறது. கிணற்று மேட்டில் ஒரு சிறுவன் நிற்கிறான். கையிலுள்ள கல்லைப் போடுகிறான். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறான். அடியிலிருந்து ஓசை வருகிறது. மகிழ்ச்சியோடு ஓடப் பார்க்கிறான்.

அவனை நிறுத்தி நாம் ஒன்று கேட்போம். தம்பி, தேங்காய் அளவுக் கல்லையும் எலுமிச்சை அளவுக் கல்லையும் ஒரே நேரத்தில் போட்டால் எது முதலில் அடியைத் தொடும்? பெரிய கல்தான் என்பான் அவன். அவனுடைய தந்தையைக் கேட்டாலும் அதையே சொல்வார்.

சிரிக்க வேண்டாம், தோழர்களே! கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னதும் அதுதான். பத்து மடங்கு கனமான பொருள் பத்து மடங்கு விரைவாக விழும் என்றே அவர் வழி வந்தவர்கள் பாடம் சொன்னார்கள். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் பள்ளிகளும் மடங்களும் அதை ஓதி வந்தன. கல்லை எடுத்துப் போட்டுத்தான் பார்ப்போமே என்று எண்ணியவர்கள் மிகச் சிலர். அவர்களின் குரலும் அம்பலம் ஏறவில்லை. ஏடு சொல்லிவிட்டது, பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள், இனிப் பார்க்க என்ன இருக்கிறது? இந்தப் போக்கு நமக்கும் பழக்கமானதுதானே!

போட்டுப் பார்த்தவர் கலிலியோ. அவருடைய வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப் புகுகிறோம்.

1564 பிப்ரவரி 15-ல் இத்தாலி நாட்டுப் பைசா நகரில் அவர் பிறந்தார். தந்தை வின்சென்சோ ஒரு இசைவாணர். வீட்டில் இசை இருந்தது, பணம் இல்லை. பிள்ளை மருத்துவனானால் குடும்பம் தேறும் என்று 1581-ல் பைசா பல்கலைக் கழகத்தில் சேர்த்தார் தந்தை. மகனுடைய மனமோ கணக்கில் போய்ச் சிக்கியது. 1585-ல் பட்டம் பெறாமலே அவர் வெளியேறினார். பட்டமில்லாத அந்த இளைஞரைத்தான் நான்கே ஆண்டுகளில் அதே பல்கலைக் கழகம் கணக்காசிரியராக அமர்த்தியது. ஆண்டுச் சம்பளம் 60 நாணயம். மருத்துவப் பேராசிரியர்கள் பெற்றதோடு ஒப்பிட்டால் அது பிச்சைக் காசு.

1591-ல் தந்தை மறைந்தார். குடும்பப் பாரம் முழுவதும் மூத்த மகன் தலையில் விழுந்தது. தங்கைமாரின் சீதனக் கடன் அவரைத் துரத்தியது. ஆம், வரதட்சணைதான்! உலகம் போற்றும் விஞ்ஞானியையும் அந்தக் கொடுமை விட்டுவைக்கவில்லை. 1592-ல் பதுவா நகருக்குப் போனார். பதினெட்டு ஆண்டுகள் அங்கே பாடம் சொன்னார். சம்பளம் போதாமல் வீட்டில் மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்தினார். அளவுக் கருவிகளைச் செய்விக்க ஒரு கைவினைஞரை வீட்டிலேயே அமர்த்தி, அவற்றை விற்றும் காலம் தள்ளினார்.

கல்லுக்கு வருவோம். பைசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து இரு குண்டுகளைப் போட்டுக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை ஒருபுறம் இருக்கட்டும். அவர் செய்த வாதம் கோபுரத்தை விட உயரமானது. கனமான கல் விரைந்து விழும், இலேசான கல் மெதுவாக விழும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் கயிற்றால் பிணைத்துப் போட்டால் என்ன ஆகும்? மெதுவாக வரும் கல் மற்றதைப் பிடித்து இழுக்கும். ஆகவே வேகம் குறைய வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் கனம் கூடுகிறதே! ஆகவே வேகம் கூட வேண்டும். ஒரே கட்டு குறைந்தும் கூடியும் எப்படி விழும்? அரிஸ்டாட்டிலின் கூற்று தன் கயிற்றிலேயே சிக்கிக்கொண்டது. காற்றின் தடையை நீக்கிவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும். 1971-ல் காற்றில்லாத நிலவில் நின்று அமெரிக்க விண்வெளி வீரர் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

சரி, விழும் பொருளின் வேகம் எப்படி ஏறுகிறது? அதை அளக்க வேண்டும். விழும் கல்லோ கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. நொடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் அவர் கையில் இல்லை. கலிலியோ என்ன செய்தார்? பீப்பாயை லாரியில் ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகையை நாம் அறிவோம். அதுபோல் நீண்ட மரச் சட்டம் ஒன்றைச் சாய்த்து வைத்தார். அதில் வழவழப்பான பள்ளம் வெட்டி, வெண்கல உருண்டையை உருட்டிவிட்டார். விழுவதையே மெதுவாக விழச் செய்துவிட்டார்! ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே தண்ணீரை ஒழுகவிட்டார். உருண்டை ஓடி முடிவதற்குள் சேர்ந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தார். அந்த எடைதான் நேரம். மரமும் தண்ணீரும் தராசும் கொண்டு இயற்கையின் கணக்கை அவர் பிடித்தார்.

என்ன கணக்கு? முதல் நொடியில் ஒரு பங்கு தூரம் ஓடினால், இரண்டாம் நொடியில் 3 பங்கு, மூன்றாம் நொடியில் 5 பங்கு, நான்காம் நொடியில் 7 பங்கு. கூட்டிப் பாருங்கள்: 1, 4, 9, 16. நேரம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு! நம் சிறுவனின் கிணற்றுக்கும் இதே கணக்குத்தான். கல் முதல் நொடியில் 16 அடி இறங்கும். 2 நொடியில் 64 அடி. 3 நொடியில் 144 அடி. எண்ணத் தெரிந்தவன் கயிறு விடாமலே கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

இன்னொன்றையும் இந்தக் கணக்கு சொல்கிறது. 64 அடி ஆழத்தில் குனிந்து வேலை செய்யும் தோழர் மீது மேலிருந்து ஒரு கல் தவறி விழுந்தால், அது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தாக்கும். சின்னக் கல்தானே, மெதுவாகத்தான் வரும் என்று எண்ணினால் அது அரிஸ்டாட்டிலின் தவறு. அந்தத் தவறுக்கு விலை ஓர் உயிர். தலைக்கவசம் கொடுக்காமல் ஆளைக் கிணற்றில் இறக்குகிறவர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

சாய்ந்த பலகை கலிலியோவுக்கு மற்றோர் உண்மையையும் சொன்னது. ஒரு சரிவில் இறங்கிய உருண்டை எதிர்ச் சரிவில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைத் தாழ்த்தினால் இன்னும் தொலைவு ஓடுகிறது. முழுவதும் தரைமட்டமாக்கி, உராய்வையும் நீக்கிவிட்டால்? நிற்க வேண்டிய காரணமே இல்லை, ஓடிக்கொண்டே இருக்கும்! தள்ளுகிறவன் இல்லாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும் என்பது பழைய பாடம். ஓடுவதை நிறுத்தத்தான் ஒரு விசை வேண்டும் என்பது புதிய பாடம். மாநாட்டுக்கு வேனில் நின்றுகொண்டே போன தோழர்கள் இதை அனுபவித்திருப்பார்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும். நாம் நிற்பதில்லை, முன்னால் போய் விழுகிறோம்.

அரியலூர் மக்கள் இதை மறக்க முடியாத விதத்தில் அறிந்தவர்கள். 1956 நவம்பர் 23 விடியற்காலை. கொட்டும் மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றை நெருங்கியது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் பாய்ந்தன. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நூற்றுக்கணக்கான டன் இரும்பு ஓடத் தொடங்கிவிட்டால் யார் உத்தரவுக்கும் அது சட்டென்று நிற்காது. அதனால்தான் பாலத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும், எச்சரிக்கை முன்கூட்டியே போக வேண்டும் என்கிறோம்.

இன்று அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிமெண்ட் ஆலைகளுக்கு ஓடுகின்றன. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் 25 அடியில் நிற்கும் லாரி, 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 அடியில் நிற்குமா? நிற்காது. கலிலியோ கணக்கின்படி 100 அடி வேண்டும். கண் பார்த்துக் கால் மிதிக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் இன்னொரு 55 அடி போய்விடும். எங்கே நடைக் கணக்கில் கூலி பேசி ஓட்டுநரை விரட்டுகிறார்களோ, அங்கே இந்த அடிகள்தான் பள்ளிப் பிள்ளைகளின் உயிரைத் தீர்மானிக்கின்றன.

ஓட்டத்தின் இந்த இலக்கணம் கலிலியோவை ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோயிற்று. 1609-ல் தொலைநோக்கியைச் செம்மை செய்து வானத்தை நோக்கினார். 1610-ல் வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகளைக் கண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற மதவாதிகளின் கோட்டையில் ஓட்டை விழுந்தது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்னிக்கஸ் சொல்லே சரி என்று நின்றார். பூமி சுழன்றால் மேலே எறிந்த கல் பின்தங்கி விழாதா என்று எதிரிகள் கேட்டார்கள். ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து போட்ட கல் மரத்தின் அடியில்தான் விழும், கல்லுக்கும் கப்பலின் ஓட்டம் உண்டு என்று விடை தந்தார். சீராக ஓடும் ரயிலில் காசைச் சுண்டிப் பாருங்கள்; அது நம் கைக்கே திரும்பி வருகிறது.

ரோமாபுரி பொறுக்குமா? 1600-ல் புரூனோவை உயிரோடு எரித்த ஊர் அது. 1616-ல் கலிலியோவை எச்சரித்தார்கள். 1632-ல் பண்டிதர் மொழியான இலத்தீனை விட்டு, மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் நூல் வெளியிட்டார். அறிவு தெருவுக்கு வந்ததுதான் ஆத்திரத்தைக் கிளறியது என்று நாம் கருதுகிறோம். 1633 ஜூன் 22-ல் 69 வயதுக் கிழவரை மத நீதிமன்றத்தின் முன் மண்டியிட வைத்தார்கள். தான் கண்ட உண்மை பொய் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். நூலுக்குத் தடை, அவருக்கு ஆயுள் முழுவதும் வீட்டுக் காவல்.

அவர் கோழையா? நம் தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். தீயில் வெந்த புரூனோவின் வீரம் பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக் காவலில் கிழவர் செய்ததைப் பாருங்கள். அன்பு மகள் 1634-ல் இறந்தாள். கண் பார்வை போயிற்று. ஆனாலும் பலகையும் உருண்டையும் சொன்ன கணக்கையெல்லாம் எழுதி முடித்தார். இத்தாலியில் அச்சிட வழியில்லை; கையெழுத்துப் படி எல்லை கடந்து, 1638-ல் ஹாலந்தில் நூலாயிற்று. அந்த நூலின் தொடக்கத்திலேயே வெனிஸ் நகரக் கப்பல் பட்டறையும், அங்குள்ள கைத்திறன் மிக்க தொழிலாளரும் பாராட்டுப் பெறுகிறார்கள். மடத்தில் கிடைக்காத அறிவு பட்டறையில் கிடைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மண்டியிட்ட மனிதர், எழுந்து போய் வேலையை முடித்தார்!

அவரிலும் குறை உண்டு. கடல் ஏற்ற இறக்கத்துக்கு நிலவு காரணமல்ல என்று வாதிட்டுத் தவறினார். தம் பெண்மக்கள் இருவரையும் கன்னி மாடத்தில் அடைத்தார். யாரையும் தெய்வமாக்க வேண்டாம் என்பதற்கு அவரே பாடம்.

1642 ஜனவரி 8-ல் அவர் கண் மூடினார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அன்றைய ஆங்கில நாட்காட்டிப்படி, நியூட்டன் பிறந்தார். 1687-ல் அவர் வகுத்த மூன்று விதிகளுக்குக் கலிலியோவின் பலகை அடித்தளமாயிற்று. மத பீடமோ தன் தவறை ஒப்புக்கொள்ள 1992 வரை எடுத்துக்கொண்டது. 359 ஆண்டுகள்!

நம் பிள்ளைகள் விசை, வேகம், நிலைமம் என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். தோழர்களே, அவர்களைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, இரண்டு கற்களையும் போடச் சொல்லுங்கள். நாம் சொன்னதையும் அவர்கள் நம்ப வேண்டாம். போட்டுப் பார்க்கட்டும்!