உழவர் பக்கம் நின்ற வழக்கறிஞர்

ரோத்தக் வட்டாரத்துச் சிறு உழவர் சுக்கி ராம், மகனின் மேற்படிப்புக்குக் கடன் கேட்டு, அவனையும் அழைத்துக்கொண்டு சாம்ப்ளா என்னும் ஊரில் இருந்த வட்டிக்காரரிடம் சென்றார். வட்டிக்காரர் கடனைப் பற்றி உடனே பேசவில்லை. கூரையிலிருந்து தொங்கிய துணி விசிறியின் கயிற்றைக் காட்டி, அதை இழுக்குமாறு சுக்கி ராமைப் பணித்தார். அவருடைய மகனோ அருகில் சும்மா அமர்ந்திருந்தான். தம் தந்தை கயிற்றைப் பற்றியதைக் கண்ட சிறுவனால் பொறுக்க இயலவில்லை. வட்டிக்காரரை முகத்துக்கு நேரே கண்டித்தான். பிற்காலத்தில் பஞ்சாப் மாகாணத்தின் கடன் சட்டங்களையே மாற்றி எழுதச் செய்த சோட்டு ராமின் வாழ்க்கையை எழுதுவோர் இந்நிகழ்ச்சியைக் கூறாமல் விடுவதில்லை.

அவர் இன்றைய அரியானாவிலுள்ள கடீ சாம்ப்ளா என்னும் சிற்றூரில் 1881ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் பிறந்தார். ராம் ரிச்பால் என்பது இயற்பெயர். வீட்டில் கடைக்குட்டி ஆதலால் ‘சோட்டு’ என்று அழைத்தனர், அப்பெயரே நிலைத்துவிட்டது. தில்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் 1905இல் பட்டம் பெற்று, ஆக்ராவில் சட்டம் பயின்று, 1912இல் ரோத்தக்கில் வழக்கறிஞரானார். சில ஆண்டுகளில் ‘ஜாட் கெசட்’ என்ற இதழைத் தொடங்கினார். மாவட்டக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். ஆனால் 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் வழியில் உடன்பாடு இல்லாமல் விலகினார். நிலவரி கட்ட மறுத்தால் உழவனின் நிலம் பறிபோகும் என்பது அவர் அச்சம். பின்னர் பசல்-இ-உசேனுடன் இணைந்து யூனியனிஸ்ட் கட்சியை 1923இல் உருவாக்கினார். இந்து, முஸ்லிம், சீக்கிய உழவர்கள் ஒரே கொடியின்கீழ் நின்ற கட்சி அது.

நீதிமன்றத்தில் அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. உழவன் தோற்பது பெரும்பாலும் வழக்கில் அன்று. வழக்கு வருமுன்பே, கணக்குப் புத்தகத்தில் தோற்றுவிடுகிறான். எழுதப் படிக்கத் தெரியாதவனின் கைந்நாட்டு ஒன்று போதும். வட்டி குட்டி போடும், குட்டி மறுபடியும் குட்டி போடும். ஆகவே ஒவ்வொரு வழக்காக வாதாடுவதைவிடச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1934ஆம் ஆண்டுக் கடன் நிவாரணச் சட்டம், வாங்கிய முதலுக்கு இருமடங்கு திருப்பிச் செலுத்தியவரின் கடன் தீர்ந்தது என்றது. உழவு மாட்டையும் கருவிகளையும் கடனுக்காகப் பறிமுதல் செய்வதையும் தடுத்தது. 1938இல் வட்டித்தொழில் செய்வோர் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும் என்று மற்றொரு சட்டம் வந்தது. அதே ஆண்டில், 1901 ஜூன் 8க்கு முன்பு அடகு வைக்கப்பட்டு மீட்கப்படாமல் கிடந்த நிலங்களை உரியவரிடம் திருப்பித் தரும் சட்டமும் நிறைவேறியது. தாத்தா அடகு வைத்த வயலில் பேரன் ஏர் பூட்டினான். சென்னை மாகாணத்திலும் இராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது அந்த 1938இல்தான்.

கடன் தீர்ந்தாலும் சந்தையில் ஏமாந்தால் உழவன் மறுபடியும் கடன்காரனாவான். அக்காலத்து மண்டிகளில் தரகரும் வணிகரும் துணிக்குள் விரல் பிடித்து விலை பேசினர். விற்பவனுக்கே விலை தெரியாது. எடைக்கற்கள் ஊருக்கு ஊர் மாறின. தரகு, எடைக்கூலி, தருமக் கணக்கு என ஒவ்வொரு பெயரிலும் ஒரு பிடி தானியம் குறைந்தது. 1939ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம் இவற்றுக்கெல்லாம் வரம்பு கட்டியது. சந்தையை நடத்தும் குழுவில் மூன்றில் இரு பங்கு இடங்கள் விளைவிப்போருக்கு என்றும் வகுத்தது. வணிகர்களை மிகவும் சினமூட்டியது இவ்விதியே. தம் கடை வாசலில் நின்றவன் இனித் தம்மோடு சமமாக அமர்ந்து எடையையும் கட்டணத்தையும் முடிவு செய்வதை அவர்களால் ஏற்க முடியவில்லை. கடையடைப்புகள் நடந்தன. வணிகர்கள் ‘கறுப்புச் சட்டங்கள்’ என்று தூற்றியவற்றை உழவர்கள் ‘பொன் சட்டங்கள்’ என்று போற்றினர். தமிழகத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் இத்தகைய எண்ணத்தில் பிறந்தவையே.

அவருடைய கொள்கைக்குக் கடுமையான சோதனை இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. தானிய விலை ஏறவே, கோதுமைக்கு உச்சவிலை வைக்க மைய அரசு முனைந்தது. சோட்டு ராம் எதிர்த்தார். துணியும் இரும்பும் மண்ணெண்ணெயும் விலையேறும்போது, அவற்றை வாங்கும் உழவனின் கோதுமையை மட்டும் ஏன் கட்டிப்போட வேண்டும் என்பது அவர் வினா. அரசப் பிரதிநிதி வேவல் ஆட்சிக்கு வந்த பிறகும் அவர் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. வினா நியாயமானதே. எனினும் அதே 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்துகொண்டிருந்தனர். விளைவிப்பவனுக்கு உரிய விலை, வாங்க வழியில்லாதவனுக்கு உணவு என்னும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆண்டு காட்டியது. அவருடைய சட்டங்களின் பயன் நிலமுடையோருக்குச் சென்ற அளவுக்கு, நிலமற்ற கூலி உழைப்பாளருக்குச் செல்லவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மழை பொய்த்தால் சட்டம் எதுவும் பயிரைக் காக்காது என்பதை வறண்ட ரோத்தக்கில் வளர்ந்த அவர் நன்கறிவார். சட்லெஜ் ஆற்றின் குறுக்கே பக்ராவில் அணை கட்டப் பல ஆண்டுகள் வாதாடினார். நீரில் மூழ்கும் நிலம் பிலாஸ்பூர் சமஸ்தானத்துக்கு உரியது. அதன் அரசரின் இசைவைப் பெறுவதே பெரும்பாடாயிற்று. ஒருவழியாக உடன்பாட்டுக்கான ஆவணத்தில் அவர் கையெழுத்திட்டபோது உடல் மிகவும் தளர்ந்திருந்தது. 1945 ஜனவரி 9ஆம் நாள் லாகூரில் அவர் உயிர் பிரிந்தது. உடலை ரோத்தக்குக்குக் கொண்டுவந்து எரியூட்டினர். இரண்டே ஆண்டுகளில் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது; அவர் கட்டிய கட்சியும் கரைந்துபோனது. பக்ரா அணை 1963 அக்டோபரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.